குழியை மூடவில்லை, கணக்கைத்தான் மூடினார்கள்

எங்கள் தாத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கழனிப் பக்கம் போகும்போது எங்கே பாழுங்கிணறு கண்டாலும் நின்றுவிடுவார். வேலிகாத்தான் முள்ளை வெட்டி இழுத்துவந்து கிணற்று வாயைச் சுற்றிப் போட்டு, காற்றில் பறக்காமல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் நகருவார். அந்தக் கிணறெல்லாம் ஊர்க்காரர்களுடையது. தண்ணீர் இருந்த காலத்தில் எங்களை அண்ட விட்டதில்லை. தண்ணி வத்தினப்புறம் முள்ளு போட மட்டும் நாம எதுக்கு என்று நான் ஒருநாள் கேட்டேன். "தோண்டனவன் மூடணும். அவன் மூடலன்னா பாத்தவன் மூடணும். தெறந்து போட்டுட்டுப் போறவன் கொலகாரன்டா" என்றார்.

இதை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அவர் கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் வேலை செய்தவர்.

எங்கள் ஊர் கண்ணமங்கலம். வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கிறது. பட்டுத் தறி ஓடுகிற பக்கம். தறி இருக்கிற தெரு வேறு, சேரி வேறு. சேரிக்காரனுக்கு வாய்த்தது பண்ணை வேலையும் பறையும் செத்த மாடும்தான். அந்தக் கட்டிலிருந்து தப்பிக்க வட ஆர்க்காட்டுப் பறையர்களுக்குத் திறந்த வழிகளில் ஒன்று கோலார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத்தைக் கையில் எடுத்தது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து எங்கள் சனம் குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது சேரியில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் ஒரு தம்பியோ மச்சானோ மகளோ "கோலாருல கீறாங்க" என்பார்கள்.

இந்த வரலாற்றை வெறும் அழுகைக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பண்ணையாருக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவன், அங்கே போய்ச் சம்பளம் எண்ணி வாங்கினான். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகங்களாகப் போட்டுக் காப்பாற்றிக் கொடுத்தது தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை. 1930இல் கம்பெனி கைரேகை வைக்கச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பர் 4ஆம் தேதி நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். தமிழ்நாட்டுத் தொழிற்சங்க வரலாறுகளிலும் தலித் வரலாறுகளிலும் இவ்வளவு பெரிய ஊருக்குக் கிடைத்த இடம் சில வரிகள்தான்.

அந்தச் சனம் தோண்டிய குழி சாதாரணமானதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. 120 வருஷத்தில் அங்கிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்தது முதலில் அந்தச் சுரங்கத்துக்காகத்தான். 1965இல் அதே சாம்பியன் ரீஃப் குழிக்குள் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து, வானத்திலிருந்து வருகிற நியூட்ரினோ என்ற துகளைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துகளுக்காகப் பூமிக்கடியில் இறங்க இந்த நாட்டில் ஆள் இருந்தது, பணம் இருந்தது. அதே குழியின் வாயை ஒழுங்காக மூடுவதற்கு ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

1956இல் சுரங்கத்தை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்று பேர் வைத்தார்கள். நஷ்டம், நஷ்டம் என்று சொல்லிச் சொல்லி 2001 மார்ச் முதல் தேதியோடு மூடினார்கள்.

மூடினார்கள் என்ற சொல்லில்தான் சூது இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சுரங்கச் சட்டம் எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. சொல்லுக்குப் பொருள் பார்க்கத்தானே ஐந்து வருஷம் படித்தோம், அந்தப் படிப்பை இங்கே போட்டுப் பார்க்கிறேன். 2001இல் அரசு எந்தச் சட்டத்தின்படி மூடியது? 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம். அந்தச் சட்டத்தில் மூடுதல் என்றால் ஆளை வேலையிலிருந்து எடுப்பது. மஸ்டர் ரோலை மூடுவது, கணக்கை முடிப்பது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் கணக்கை முடித்தார்கள். பூமியில் போட்ட ஓட்டையை மூடுவது வேறு, அது சுரங்கச் சட்டத்தைச் சேர்ந்த வேலை. ஒரே சொல்தான். ஆனால் ஒரு மூடலில் தொழிலாளி வெளியே போகிறான். இன்னொரு மூடலில் தோண்டியவன் உள்ளே இறங்கிச் செலவு பண்ண வேண்டும். முதல் மூடலுக்குத் தேதி குறித்துக் கதவை அடைத்தார்கள். இரண்டாவது மூடலை ஊர்சனத்தின் தலையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது மூடலுக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. கோலாரை மூடியபோது 1952ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் இருந்தது. அதன் கீழ் உலோகச் சுரங்கங்களுக்கு 1961இல் விதிமுறைகள் வந்தன. வேலையை நிறுத்திவிட்டுப் போகிற சுரங்க முதலாளி, குழியின் வாயைச் சுற்றி யாரும் விழாதபடி நிரந்தரமான கட்டுமானம் எழுப்ப வேண்டும் என்பது அதில் உண்டு. ஆனால் சுவர் ஒன்று எழுப்பினால் போதும் என்பதற்கு மேல் அது பெரிதாகப் போவதில்லை. குப்பை மலையை என்ன பண்ணுவது, தண்ணீரை என்ன பண்ணுவது, அதற்கெல்லாம் பணம் யார் கட்டி வைப்பது என்பதெல்லாம் 2003 ஏப்ரலில்தான் விதியாக வந்தது. தோண்டுகிறவன் தொடக்கத்திலேயே மூடல் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், பெரிய சுரங்கமாக இருந்தால் ஹெக்டேருக்கு 25,000 ரூபாய் உத்தரவாதம் கட்ட வேண்டும் என்றார்கள். கோலாரை மூடியது 2001. விதி வந்தது 2003. பொணத்தைப் புதைத்த பிறகு வைத்தியர் வந்த கதைதான். வந்த வைத்தியரும் புதைத்த குழியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலக்கரிக்கு இன்னும் தாமதம். 2009 ஆகஸ்டில்தான் நிலக்கரி அமைச்சகம் மூடல் திட்டத்துக்கு வழிகாட்டுதல் போட்டது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம், அடிநிலச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று கணக்குப் போட்டு, தனி வங்கிக் கணக்கில் வருஷாவருஷம் கட்டச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் அதற்குள் இந்த நாடு எத்தனை பொணம் எண்ணியிருக்கிறது?

1975 டிசம்பர் 27. தன்பாத் பக்கம் சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கம். மேலே இருந்த பழைய, கைவிட்ட சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு கீழே வேலை செய்தவர்கள் மேல் இறங்கியது. முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதே தன்பாத் பக்கம் ஜாரியாவில் 1916இலிருந்து பூமிக்கடியில் நெருப்பு எரிகிறது. நிலக்கரிக்கு நெருப்பு பிடித்தால் அது அணையாமல் இருக்க வேண்டியது காற்று. அந்தக் காற்று போகிற வழி மூடாமல் விட்ட பழைய குழிகளும் வெடிப்புகளும்தான். மேகாலயாவில் எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. தடை காகிதத்தில் இருந்தது, வளைகள் திறந்து கிடந்தன. 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் பதினைந்து பேர் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டார்கள். மூன்றிலும் தங்கமா கரியா என்பது முக்கியமில்லை. பழைய குழியைப் பழைய குழி என்று விட்டதுதான் புதிய ஆளைக் கொன்றது.

வெள்ளைக்காரன் நாட்டிலும் ஏழைக்கு இதே கதைதான். 1966 அக்டோபர் 21, வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான் என்ற கிராமம். மலைச்சரிவில் கொட்டி வைத்த நிலக்கரிக் கழிவு மழையில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. செத்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்கு மேலே கொட்டுகிறீர்களே, ஆபத்து என்று மூன்று வருஷத்துக்கு முன்பே உள்ளூர் மன்றத்தார் கடிதம் எழுதியிருந்தார்கள். விபத்துக்குப் பிறகு மீதியிருந்த கழிவு மேட்டை அகற்றுவதற்கு, செத்த குழந்தைகளுக்காக ஊர் உலகம் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே அரசு 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டது. அதைத் திருப்பிக் கொடுத்தது 1997இல். ஆனாலும் அந்த ஊர்சனம் விடாமல் சண்டை போட்டது. 1969இல் கழிவு மேடுகளுக்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1977இல் வந்த சட்டம், இன்று தோண்டுகிற ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் கட்டணம் வாங்கி அன்று கைவிட்ட சுரங்கங்களை மூடச் சொல்கிறது. பழைய பாவத்துக்குப் புதிய முதலாளி காசு கட்ட வேண்டும் என்கிற இந்த ஒரு வரி நம் நாட்டுச் சட்டத்தில் கோலாரைப் போன்ற பழைய குழிகளுக்கு வந்து சேரவில்லை.

இனி அந்த மலைக்கு வருகிறேன். காட்பாடியில் ரயிலேறி பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டி பிடித்தால், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் மேடு மேடாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கத்தியால் சீவி வைத்த மாதிரி இருக்கும். சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்திருக்கிறார்கள். சனம் அதைச் சயனைடு மலை என்கிறது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் போட்டுத் தங்கத்தைக் கரைத்துப் பிரித்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் அது. அப்படிப் பதிமூன்று மேடு. மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன்.

அங்கே எனக்கு முறைக்கு அத்தை ஒருவர் இருக்கிறார். போனால் முதல் வேலையாகச் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுவார். "காத்து மாறினா சைனேடு வந்து குந்திக்கும்பா. துணியக்கூட உள்ளதான் காயப் போடுவோம். ஆடி மாசம் வந்து பாரு, மூஞ்சியெல்லாம் மாவு பூசின கணக்கா இருக்கும்." இதைச் சொல்லும்போது அத்தை சிரித்தார்.

படித்த நண்பர் ஒருவர் என்னிடம், சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பயம் எதற்கு என்றார். அவர் சொன்னது வேதியியலில் சரி. சயனைடு சிதையும். ஆனால் மாவாக அரைத்த பாறையில் இருக்கிற சிலிக்கா சிதையாது. சுரங்கத்துக்குள் எங்கள் தாத்தன்களின் நெஞ்சைக் கல்லாக்கியது அந்தத் தூசிதான். சிலிகோசிஸ் என்று பேர். 1940க்கும் 1946க்கும் நடுவில் கோலாரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்த நோய் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக இவ்வளவு பெரிதாகப் பதிவானது அங்கேதான். உள்ளே இருந்தபோது அதற்குத் தொழில்நோய் என்று பேர் இருந்தது, நஷ்டஈடு கேட்கவாவது ஒரு வழி இருந்தது. அதே பாறையின் மாவு இன்று வெளியே மேடாகக் கிடக்கிறது. காற்றடித்தால் தொழிலாளியே அல்லாத பெண்களும் பிள்ளைகளும் மூச்சில் இழுக்கிறார்கள். இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பேர்?

குழிகளுக்கு வருகிறேன். ஒரு செங்குத்துக் குழியை மூடுவது மந்திர வேலை அல்ல. அடியிலிருந்து கல்லைப் போட்டு நிரப்பலாம். நிரப்ப முடியாத ஆழம் என்றால், உதிரும் மண்ணையெல்லாம் அகற்றிக் கெட்டியான பாறைமேல் உட்காரும்படி காங்கிரீட் மூடி போடலாம். உள்ளே சேரும் காற்று போவதற்குக் குழாய் வைக்க வேண்டும். சாய்வுக் குழி என்றால் சுவர் கட்டி, தண்ணீர் வடிய வழி விட வேண்டும். எந்த இடத்தில் எந்தக் குழி என்று வரைபடத்தில் குறித்து, கல் நட்டு, வருஷாவருஷம் பார்க்க வேண்டும். மரப்பலகை போட்டு மேலே மண்ணைக் கொட்டி மூடுவது மூடல் ஆகாது. பலகை உளுத்துப் போனால் மேலே நடக்கிறவன் போய்விடுவான். கம்பிவேலி போடுவதும் மூடல் ஆகாது. பசித்தவன் கம்பியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவான். சுரங்கம் இயங்கியபோது இரவும் பகலும் ஓடிய பம்புகள் நின்றுபோனதும் தண்ணீர் மேலேறும் என்பதும், பழைய மரமும் கந்தகக் கனிமமும் உள்ளேயிருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்பதும் எந்தச் சுரங்க இன்ஜினியரைக் கேட்டாலும் சொல்லுவார்.

2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், மாரிக்குப்பம் பக்கம் மூடிய சுரங்கத்துக்குள் இறங்கிய மூன்று பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். திருடப் போனவர்கள் என்று செய்தி வந்தது. நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் செய்தியில் குற்றவாளிகள் மூன்று பேர்தான் இருந்தார்கள். உள்ளே இறங்க முடிகிற மாதிரி பத்தொன்பது வருஷம் குழியை விட்டு வைத்தவன் எந்தச் செய்தியிலும் இல்லை.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயசுக் குழந்தை விழுந்தது. தமிழ்நாடே நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது. நானும் அழுதேன். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை எப்படி மூட வேண்டும், யார் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 2010லேயே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது என்பதை அப்போதுதான் எல்லோரும் எடுத்துப் படித்தார்கள். ஒரு சாண் அகலக் குழிக்கு இவ்வளவு பதைக்கிற மனசு, ஒரு ஊரே விழுகிற அகலத்துக் குழிகளுக்கு ஏன் பதைக்கவில்லை? அது கர்நாடகாவில் இருக்கிறது என்பதாலா? அங்கே இருக்கிற தமிழன் எந்தத் தமிழன் என்று நமக்குத் தெரியும் என்பதாலா?

மூட வராதவர்கள் கொட்ட வந்தார்கள். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்சநீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அணுக்கழிவை எங்கே வைப்பீர்கள் என்ற பேச்சு வந்தபோது மத்திய அரசுத் தரப்பு கோலார் சுரங்கத்தைச் சொன்னது. தங்கவயல் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தது. அதன்பிறகு அப்படியொரு திட்டமே இல்லை என்று அரசு பின்வாங்கியது. பின்வாங்கியது சனத்தின் வெற்றி. ஆனால் இந்தியா முழுக்க எத்தனையோ இடம் இருக்க, அந்த வாயில் அந்த ஊர்ப் பேர் எப்படி வந்தது? எங்கள் ஊரில் செத்த மாட்டைச் சேரி ஓரத்தில் போடுவார்கள். சாயத்தண்ணியும் சாக்கடையும் சேரிப் பக்கம்தான் சரியும். அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போவது இயற்கை என்பார்கள். பள்ளத்தில் யார் குடியிருக்கிறான் என்பது இயற்கை அல்ல. கழிவு எங்கே போக வேண்டும் என்று இந்த நாட்டில் முடிவு பண்ணுவது பொறியியல் மட்டும் அல்ல, சாதியும்தான். சேரியின் மேல் கொட்டிப் பழகிய கைக்கு, சேரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பட்டணமானால் அந்தப் பட்டணமே குப்பைமேடாகத் தெரிகிறது.

இப்போது அந்தக் குப்பை தங்கமாகிவிட்டது. கதை இங்கேதான் திரும்புகிறது. 2013இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசு டெண்டர் விட்டுக்கொள்ளலாம் என்றது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பதிமூன்று கழிவு மேடுகளும் கிடக்கிற 1,003.4 ஏக்கரில் அந்த மேடுகளை மறுபடி தோண்டி எடுக்க மத்திய அரசு கேட்டதற்குச் சம்மதம் கொடுத்தது. உள்ளே 23 டன் தங்கம் தேறும் என்று மதிப்பு. இருபது வருஷமாக அத்தை வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்தபோது அது தூசி. தங்கத்தின் விலை ஏறியதும் அது தேசத்தின் சொத்து.

வேலை வருமே, அதையும் கெடுக்கிறாயா என்று தங்கவயல் தோழர்களே என்னிடம் சண்டை போட்டார்கள். விடியற்காலையில் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறிக் கூலி வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவனின் கேள்வி அது. அதை அலட்சியம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள் என்கிறேன். 3 கோடியே 30 லட்சம் டன்னில் 23 டன் என்றால், ஒரு டன் சக்கையில் ஒரு கிராம்கூட முழுசாக இல்லை. அந்த முக்கால் கிராமுக்கும் குறைந்த தங்கத்துக்காக மலை முழுவதையும் கிளறி, கரைத்து, மறுபடி எங்கேயோ கொட்டியாக வேண்டும். எடுப்பது 23 டன். கொட்டுவது அநேகமாக அதே 3 கோடியே 30 லட்சம் டன். ஆக இது தங்கம் எடுக்கிற திட்டம் என்பதைவிட, கழிவை இடம் மாற்றுகிற திட்டம். புது மலை எங்கே எழும்பும்? யார் வீட்டுக்குப் பின்னால்? இந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் வேலை வருகிறது என்று கைதட்டினால், நம் தாத்தன்கள் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிவந்த இருமலை நாமும் வாங்கிக்கொண்டு வருவோம்.

இதைக் கேட்டு எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு நாலு பேர் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது எங்க லிமிட்ல வராது, அந்த இடமே வேற டிபார்ட்மென்ட்" என்றார். எந்த டிபார்ட்மென்ட் சார் என்றேன். "அது நீங்கதான் கண்டுபிடிச்சு எழுதணும்" என்றார். எங்கள் கூட வந்த பெரியவர் சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவர். வெளியே வந்ததும் சொன்னார்: "தங்கம் எடுக்கும்போது இது யார் லிமிட்டுனு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துதுபா."

எனவே கோரிக்கைகளை லிமிட் தெரிகிற மாதிரி எழுதுகிறேன். ஒன்று, எத்தனை குழி, எங்கே, எவ்வளவு ஆழம், என்ன நிலையில் இருக்கிறது என்ற பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து ஊர்சனத்தின் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு, மேடுகளில் கை வைப்பதற்கு முன்னால் குழிகளைப் பாறைமேல் காங்கிரீட் போட்டு மூட வேண்டும். அந்தப் பணம் ஏலத் தொகையிலிருந்து முதலில் எடுத்து வைத்த பணமாக இருக்க வேண்டும், லாபம் வந்தால் பார்க்கலாம் என்கிற பணமாக இருக்கக் கூடாது. மூன்று, புதுக் கழிவு எங்கே கொட்டப்படும் என்பதை அந்தக் குடியிருப்புகளின் பொதுக்கூட்டத்தில் வைத்து முடிவு பண்ண வேண்டும். ஈரப்படுத்துவது, மண் போட்டு மூடிப் புல் வளர்ப்பது, மழைத்தண்ணி வடிகால், இவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். நான்கு, குடியிருப்பவர்கள் எல்லோருக்கும், தொழிலாளியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெஞ்சுப் படம் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஐந்து, 2003க்கு முன்னால் மூடியது என்று சொல்லித் தப்பிக்கிற ஓட்டையைச் சட்டத்தில் அடைக்க வேண்டும். தங்கமோ நிலக்கரியோ, இன்று தோண்டுகிறவன் டன்னுக்கு இவ்வளவு என்று கட்டி அன்று விட்ட குழிகளை மூட வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களிடமும் இரண்டு வார்த்தை. சுற்றுச்சூழல் என்றால் மரமும் பறவையும் என்று நினைக்கிற நண்பர்கள் சயனைடு மலை பக்கம் வந்து ஒரு ஆடிக்காற்றைச் சுவாசித்துவிட்டுப் பேசட்டும். சுற்றுச்சூழல் மேல்சாதிக்காரன் பொழுதுபோக்கு, நமக்குச் சாதி ஒழிப்புதான் வேலை என்கிற தோழர்களும் வரட்டும். தீண்டாமை தொட்டால்தான் என்று இல்லை, மூச்சு வழியாகவும் வரும் என்பதை அங்கே பார்க்கலாம். ஐந்திணை படித்த தமிழாசிரியர்களும் வரட்டும். நிலத்தை மேலிருந்து பார்த்து ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தீர்கள், நிலத்துக்கு அடியில் நம் சனம் நூற்றிருபது வருஷம் இருந்ததை எந்தத் திணையில் வைப்பீர்கள் என்று கேட்கிறேன்.

தாத்தா செத்துப் பல வருஷமாகிவிட்டது. போன தை மாசம் அவர் முள் போட்ட கிணறுகளில் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். முள் மக்கிப்போயிருந்தது. அவர் வைத்த கல் மட்டும் விளிம்பில் இருந்தது. புது முள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கிணற்றுக்கு ஒருத்தன் முள் போதும். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு நம் கையில் இருக்கிற முள் போதாது. அதைத் தோண்டச் சொன்னவன்தான் வந்து மூட வேண்டும். அவன் வருகிற வரைக்கும், மூடியாச்சு என்று யார் சொன்னாலும் எதை மூடினாய் என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.